கோட்டையூர்க் காரில் மிதந்த எண்ணெய்

பிரேக் பிடிக்காத வண்டி என்றால் எல்லோருக்கும் பயம். பிடித்த பிரேக் விடாத வண்டியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, அந்த இரண்டாவது வகை வண்டி ஒன்றைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். மாஸ்டர் சிலிண்டரை எப்படிக் கழற்றுவது, பைப்பிலிருந்து காற்றை எப்படி எடுப்பது என்றெல்லாம் பாடம் நடத்த மாட்டேன். அதையெல்லாம் போனில் வீடியோ பார்த்தே என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறீர்கள். சிலபேர் வீடியோவில் வருகிறவனுக்கே வேலை தெரியவில்லை என்று திட்டுகிறீர்கள். அதையும் காதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்வதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்பு நடந்தது இது. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் நான் தலைமை மெக்கானிக். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அங்கே பிரேக் வேலை முழுக்கப் பாண்டியின் பொறுப்பு. முப்பதைத் தாண்டிய ஆள். பேச்சு குறைவு, கை சுத்தம். பிரேக் வேலைக்கு உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். "இலை போட்டுரவா பாண்டி?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான். பிரேக் ரப்பருக்கு அழுக்கும் ஆகாது, கிரீசும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் இருப்பது சென்னையில். வருஷத்துக்கு ஒருமுறை, முன்னோர்களுக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிடுகிற படைப்பு நாளுக்கு, பங்காளிகள் எல்லோரும் வந்து சேர்வார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்பவள் காளியம்மா. புருஷன் இல்லை. பின்கட்டில் ஒரு அறையைக் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் காலேஜில் படிக்கிற மகளோடு இருந்தாள். வீட்டோடு சேர்த்து ஒரு பழைய வெள்ளைக் காரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றால், தூசி தட்டி, துணி போட்டு மூடி வைப்பாள். படைப்புக்கு ஒரு மாதம் முன்னதாக அந்தக் கார் எங்களிடம் வரும். சரிபார்த்து அனுப்புவோம்.

அந்த வருஷம், பிரேக்கை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் லேசாகக் கசிவு இருந்தது. பாண்டி உள்ளே இருக்கிற ரப்பர்களை எல்லாம் மாற்றி, பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, ஓட்டிப் பார்த்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். என்னென்ன மாற்றினோம், எதற்காக மாற்றினோம் என்று சென்னையில் இருக்கிற வீட்டுக்காரர் சொக்கலிங்கத்துக்கு நானே போன் போட்டு விளக்கமாகச் சொன்னேன். கழற்றிய ரப்பரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில்கூட அனுப்பினேன். ரொம்ப நன்றி மேஸ்திரி என்று அவரும் பதில் போட்டார். வேலை நன்றாக முடிந்தது என்று நினைத்தோம்.

படைப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த வண்டி எங்கள் வாசலுக்கு இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வரப்பட்டது.

நடந்தது இதுதான். சொக்கலிங்கம் அவருடைய தாயாரை ஏற்றிக்கொண்டு காரைக்குடிக் கடைவீதிக்கு வந்திருக்கிறார். ஊரில் எல்லோரும் ஆச்சி என்று சொல்கிற அந்த அம்மாளுக்கு எண்பதை ஒட்டிய வயசு. சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டி இழுக்காமல் கனத்திருக்கிறது. ஏதோ கருகிய வாடை. சரி, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று அழுத்தியிருக்கிறார். குறுக்கே ஒரு ஆடு வந்ததும் பிரேக்கை லேசாகத்தான் தொட்டிருக்கிறார். பிடித்த பிடி விடவில்லை. நடு ரோட்டில் வண்டி அப்படியே ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ். அந்த டிரைவர் புண்ணியவான், ஒரு முழம் இடைவெளியில் நிறுத்திவிட்டார். ஆச்சியின் நெற்றி முன் சீட்டில் மோதித் தையல் போடும்படி ஆகிவிட்டது.

சொக்கலிங்கம் நல்ல மனுஷர்தான். ஆனால் பெற்ற தாயின் நெற்றியில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு வந்த ஆளிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா?

"போன மாசம்தான மேஸ்திரி உங்க ஆளு பிரேக் வேலை பாத்தாரு? அந்த பஸ் டிரைவர் கொஞ்சம் அசந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் இப்ப இல்லை" என்றார்.

நான் பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினேன். மூடிக்குள் இருக்கிற ரப்பர் உப்பி நெளிந்து வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே வைத்தால் போக மறுத்தது. பிரேக் ஆயில் என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் இல்லை. நிஜ எண்ணெய் பட்டால் அந்த ரப்பர்கள் உப்பும். உப்பினால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வருகிற சின்னத் துவாரம் அடைபடும். மிதித்த பிரேக் மிதித்தபடியே இருக்கும்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவில் இருந்ததைக் கொஞ்சம் அதில் விட்டேன். சரியான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும். இங்கே ஒரு பாதி கலந்தது, மறுபாதி மேலே மினுமினுவென்று மிதந்தது. வண்டிக்காரரிடம் மறைக்கக்கூடாது என்று தம்ளரைச் சொக்கலிங்கத்திடமே காட்டினேன்.

அவர் தம்ளரைப் பார்த்தார். பாண்டியைப் பார்த்தார். "அப்ப உங்க ஆளு தப்பான எண்ணெயை ஊத்தியிருக்காரு. நீங்களே காட்டிட்டீகளே."

நானே பாண்டியைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் முதலாளி அங்கேயே, எல்லோர் முன்னாலும், "பாண்டி, நீ வீட்டுக்குப் போ. கூப்பிடுறப்ப வந்தாப் போதும்" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூப்பிட மாட்டார். பிரேக் வேலையில் தப்புச் செய்து ஆளைக் காயப்படுத்தினவன் என்ற பேரோடு வெளியே போனால், இந்தப் பக்கத்தில் எந்த ஒர்க் ஷாப்பிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

பாண்டி குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னாலேயே போய், "எதை ஊத்துனே, உண்மையைச் சொல்லு" என்று கேட்டேன். சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன். சந்தேகப்படுவது நம் வேலை.

"புது டப்பா உடைச்சு ஊத்துனேண்ணே. மிச்சம் அங்குட்டு அலமாரியில இருக்கு, எடுத்துப் பாருங்க" என்றான். அதையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சுத்தமாகக் கரைந்தது. பிறகு பாண்டியே மெதுவாகச் சொன்னான். "நான் எப்பவும் மேல் கோட்டுக்கு ஒரு விரல் குறைச்சுத்தான் விடுவேன். இப்ப பாத்தீகளா, சரியா கோட்டு மேல நிக்குது."

கசிவு இருந்தால் குறையும். எங்கேயாவது கூடுமா? வண்டி எங்கள் கையை விட்டுப் போனபிறகு யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் இது பாண்டி சொல்கிற வார்த்தை. சொக்கலிங்கம் இதை நம்பவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாயந்திரம் வரைக்கும் நேரம் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, என் மொபெட்டை எடுத்தேன்.

தம்பிகளே, இதை மட்டும் மனசில் வையுங்கள். வண்டி நம்மிடம் இருப்பது ஒரு நாளோ இரண்டு நாளோ. மிச்ச நாளெல்லாம் வேறெங்கோ நிற்கிறது. வண்டியைப் பிரித்துப் பார்த்தும் விளங்கவில்லை என்றால், அது நிற்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள்.

கோட்டையூர் வீட்டின் பக்கவாட்டில் கார் ஷெட். இரும்புக் கதவு. பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் கதவுகள் எப்படிக் கத்தும் என்று உங்களுக்குத் தெரியும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நான் தள்ளினேன். சத்தமே இல்லாமல் திறந்தது. மூடினேன், மறுபடி திறந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. கீலைத் தொட்டுப் பார்த்தால் விரல் வழுக்கியது.

"என்னண்ணே, கதவைப் போட்டு ஆட்டிக்கிட்டு நிக்கிறீக?" என்று காளியம்மா வந்தாள். கையில் விளக்குமாறு.

"சத்தமே வரலையேன்னு பாத்தேன்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எண்ணெய் போட்டிருக்கேன்ல. ஆச்சி வர்றதுக்கு முந்தி வீட்டுல ஆடுறது, திருகுறது, தெறக்குறது ஒண்ணு விடாமப் போட்டுருவேன். தையல் மிஷினுக்குப் போடுவாகளே, அந்த எண்ணெய். கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டா ஆச்சிக்கு ஆகாது. போன்ல கூப்புட்டு மொதல்ல கேக்குறதே அதத்தான்."

"காருக்கும் போட்டியா?"

"பின்ன? கதவு நாலுக்கும் போட்டேன். முன்னால தூக்குற மூடிக்கும் போட்டேன். அதுக்குள்ள ஒரு வெள்ளை டப்பா இருந்துச்சு. கோட்டுக்குக் கீழ கெடந்துச்சு. யாரும் பாக்கல போலன்னு நானே கோடு வரைக்கும் ஊத்தி மூடிட்டேன்."

வேலையில் ஒரு குறையும் வைக்காத ஆள் சொல்கிற மாதிரி சொன்னாள். வைக்கவும் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டைக் காக்கிற ஒருத்தி எண்ணெயை மிச்சம் பிடிக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறாள். அதுதான் ஆச்சியின் நெற்றியைப் பிளந்திருக்கிறது. நான் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. விளக்குமாறு கீழே விழுந்தது.

"அண்ணே, சொல்லிராதீக. என்னைப் போகச் சொன்னா இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்குட்டுப் போவேன்? பரீட்சை வருது அவளுக்கு. உங்க ஆளுதான் ஊத்தினதா நெனச்சிக்கிட்டு இருக்காகள்ல, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமேண்ணே. ஆம்பளை, எங்கயாச்சும் பொழச்சுக்குவாக."

எனக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோன ஆள் அப்படித்தான் பேசும். அந்த நிமிஷம் எனக்கே ஒரு குறுக்கு வழி தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். மட்டமான ரப்பர், தானாக உப்பிவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் பாண்டியும் தப்பிப்பான், இவளும் தப்பிப்பாள். யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த வருஷம் யாராவது வந்து அதே டப்பாவில் அதே எண்ணெயை ஊற்றுவார்கள். பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஒவ்வொரு தடவையும் புண்ணியவானாக இருப்பாரா? வேறு எந்தப் பாகத்தில் பொய் சொன்னாலும் வண்டி நிற்கும், பட்டறைக்கு வரும், அவ்வளவுதான். பிரேக்கில் பொய் சொன்னால் ஆள் போய்விடும்.

"சொல்லாம இருக்க முடியாது காளியம்மா" என்றேன். "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அவள் கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "அந்தத் தம்பிக்குப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, நானே சொல்லிடுறேன்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே பங்காளி வீட்டார் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆச்சி நெற்றியில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சொக்கலிங்கம் பக்கத்தில் நின்றார். காளியம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. "கார்ல எண்ணெய் ஊத்துனது நான்தான் ஆச்சி. அந்த மெக்கானிக் தம்பி இல்லை. தெரியாம ஊத்திட்டேன்" என்றாள்.

சொக்கலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "தெரியலேன்னா எதுக்குத் தொடணும்? உயிர் போயிருக்கும், தெரியுமா உனக்கு? படைப்பு முடியட்டும், அதுக்கப்புறம் நீ இங்க..."

"சொக்கு" என்றார் ஆச்சி.

"நீங்க சும்மா இருங்க ஆத்தா."

"அடிபட்டது என் நெத்தி. கோவப்படுறதா இருந்தா நான்தான் படணும். நீ எதுக்குப் படுறே?" என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவே இல்லை. "ஆடுறது திருகுறதுக்கெல்லாம் எண்ணெய் போட்டியான்னு போன்ல அவளப் போட்டு அரிக்கிறது நான். வீட்டுக்குப் போடு, காருக்குப் போடாதேன்னு நான் ஒரு நாளாச்சும் சொன்னேனா? அவளை அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்பு."

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, அந்தப் பையன் வேலையில இருக்கானா?" வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். "அப்ப உங்க முதலாளிக்குப் போன் போடு சொக்கு, இப்பவே" என்றார். சொக்கலிங்கம் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, மன்னிப்பும் கேட்டார். கேட்க வேண்டியது பாண்டியிடம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை, அது வேறு.

ஆனால் அதோடு முடியவில்லை. "சரி மேஸ்திரி, அந்த மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாத்திக் குடுங்க, படைப்புக்கு வண்டி வேணும்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த களைப்பில் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் டப்பாவோடு நிற்பதில்லை. பைப் வழியாக நாலு சக்கரத்துக்கும் போயிருக்கும். ரப்பர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றவேண்டும், ஹோஸ் உட்பட. பாதி சாமான் மதுரையிலிருந்து வரவேண்டும். படைப்புக்கு இந்தக் கார் வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பட்டறைக்குத் திரும்பியதும் எங்கள் முதலாளிகூட என்னை முறைத்தார். படைப்புக்கு வாடகை வேன் வைத்துக்கொண்டார்கள். ஒரு குறையும் வரவில்லை.

பாண்டி மறுநாள் வேலைக்கு வந்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன். காளியம்மா தானே முன்வந்து ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவளைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, "வண்டியை விட்டப்ப அந்த அக்காதாண்ணே கதவைத் தொறந்துவிட்டுச்சு. தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. டப்பாவத் தொடாதீகன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோணலையே" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்காவது தோன்றவில்லை என்று வருத்தம் இருந்தது. சென்னையில் இருக்கிற ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பி விளக்கம் சொன்னவன் நான். காருக்குப் பத்தடி தூரத்தில் படுத்து எழுந்திருக்கிறவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பணம் கொடுக்கிறவருக்குத்தான் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்ற நினைப்பு நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. வண்டியோடு இருக்கிறவர் யார் என்று கேட்டு அவருக்குச் சொல்லுங்கள். டிரைவரோ, வாட்ச்மேனோ, வீட்டுவேலை செய்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. சொல்லி முடிக்கிற வரைக்கும் வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

ஆச்சி சென்னைக்குத் திரும்புகிற அன்று வண்டி தயாராகிவிட்டது. பாண்டி ஓட்டி வந்தான், நானும் கூட வந்தேன். வீட்டு வாசலில் ஒரு வாடகை டாக்சி நின்றது. ஸ்டேஷனுக்குப் போவதற்குச் சொக்கலிங்கம் பிடித்து வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நெற்றித் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

பாண்டி சாவியை அவர் கையில் கொடுத்தான். பிறகு பானட்டைத் தூக்கிவிட்டு, "அக்கா, இங்குட்டு வாங்க" என்று காளியம்மாவைக் கூப்பிட்டான். அவள் கிட்டே வரவே பயந்தாள். "இந்த டப்பாவைத் தொறக்க வேணாம். வெளியிலேயே தெரியும் பாருங்க. தண்ணி மாதிரி ஒண்ணு இருக்குல்ல? அது இந்தக் கீழ் கோட்டுக்கு எறங்குச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். என் நம்பரை உங்க மக போன்ல போட்டுத் தரச் சொல்லுங்க" என்றான். அவள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆச்சி பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் டாக்சியில் ஏறின. டாக்சியின் கதவைச் சொக்கலிங்கம் திறந்து பிடித்தார். ஆச்சி அதைத் தாண்டி நடந்து வந்து, எங்கள் வெள்ளைக் காரின் பின் கதவில் கை வைத்தார்.

"ஆத்தா, வேணாம்" என்றார் சொக்கலிங்கம்.

"பெட்டி அதுல வரட்டும். நான் இதுல வாரேன்" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். "தம்பி, நீதான ஓட்டுறே?"

"ஆமா ஆச்சி" என்றான் பாண்டி. அவன் குரலே மாறிப்போயிருந்தது.

சொக்கலிங்கம் டாக்சிக் கதவைச் சாத்தினார். பிறகு சாவியைப் பாண்டியிடம் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் ஏறினார்.

நானும் காளியம்மாவும் வாசலில் நின்றோம். கார் மெதுவாகத் தெருவில் போனது. முனையில் ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்தது. காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது. பஸ் கடந்து போயிற்று. விளக்கு அணைந்தது. பிடித்த பிரேக் விட்டது, கார் திரும்பிப் போனது. காளியம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். நானும்தான்.